முன்னால் ஓர் எழுத்து, பின்னால் ஓர் எழுத்து

நெய்யாற்றின்கரையில் ஒரு பேக்கரியின் மாடியிலிருக்கும் மென்பொருள் அலுவலகத்தில், இடது பக்கம் சுவரும் வலது பக்கம் ஆள் நடமாட்டமுமாக அமைந்த ஒரு மேசை. பத்தாம் வகுப்புவரை கணக்கையும் அறிவியலையும் தமிழில் மட்டுமே படித்தவளுக்குப் பாலிடெக்னிக்கில், கம்ப்யூட்டர் பிரிவில் ஓர் இடம். முதல் பருவத்தில் தோற்ற இரண்டு பாடங்களில் மறுமுறை எழுதி வாங்கிய எண்பத்து நான்கும் எழுபத்தொன்பதும். ஆறு நேர்முகத் தேர்வுகளில் "சொல்லி அனுப்புகிறோம்" என்ற பதிலோடு திரும்பி, ஏழாவதில் கிடைத்த வேலை. ஐந்து கிளைகள் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், ஒரு நோயாளியின் பக்கம் திறக்கப் பதினொரு நொடி ஆனதை ஒரு நொடிக்குக் கீழே கொண்டுவந்த ஒரு புரோகிராம். அலுவலகத்தில் ஏதாவது சிக்கினால் முதலாளியே "லேகாவிடம் கேளுங்கள்" என்று சொல்லும் நிலை.

இவ்வளவும் லேகா வென்றவை. இந்தப் பட்டியல் அவளுடைய அக்கா ஸ்ரீகுமாரியின் மனதில் வரிசை குலையாமல் இருக்கிறது. லேகாவைக் கேட்டால் பாதி அவளுக்கு நினைவிருக்காது. தோற்ற இரண்டு பாடங்கள் மட்டும் நன்றாக நினைவிருக்கும்.

ஸ்ரீகுமாரி எட்டு வயது மூத்தவள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பாறசாலை ஸ்டேஷன் ரோட்டில் ஜெராக்ஸ் கடை போட்டாள். அப்பா மோகனன் டைல்ஸ் கடையில் சுமடு எடுக்கும் சுமைத் தொழிலாளி. அம்மா கிருஷ்ணம்மா முந்திரி உடைக்கும் அண்டி ஆபீசுக்குப் போய் வந்தாள். கடைக்கு வருகிறவர்கள் சான்றிதழைக் கோணலாக வைத்தாலும் ஸ்ரீகுமாரியின் கையிலிருந்து நகல் நேராகத்தான் வெளியே வரும். கோணலாகிவிட்டால் அதைக் கிழித்துப் போட்டு வேறொன்று எடுப்பாள். ஒரு பக்கத்தில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தாலும் கண்ணில் பட்டுவிடும்.

லேகாவுக்கு மூன்றாம் வகுப்பில் வந்த காய்ச்சல் இடது காதைக் கொண்டுபோனது. அன்று முதல் வெளியே போகும்போதெல்லாம் ஸ்ரீகுமாரி அவளுக்கு வலப்புறமாகவே நடந்தாள். இருவருக்கும் அது அப்படியே பழகிப்போனது. ஊரில் பலருக்கு லேகாவின் காது விஷயம் இன்றும் தெரியாது. கூப்பிட்டால் திரும்பாத, கொஞ்சம் தலைக்கனம் பிடித்த பெண் என்று மட்டும் தெரியும். தலைக்கனம் இல்லை, ஆனால் பிடிவாதம் உண்டு. குடையை மடக்க மாட்டாள், சாப்பாட்டை ஆறவிடுவாள், ஒன்றைத் தொடங்கினால் முடியும்வரை அம்மா விளித்தாலும் கேட்காது. அது எந்தக் காதானாலும்.

பாலிடெக்னிக்கில் சேர விண்ணப்பித்தபோதுதான் அவளுக்கு மூன்று பெயர் இருப்பது தெரிந்தது. தமிழ்ப் பள்ளியின் பதிவேட்டில் தமிழ் வழக்கப்படி எம். லேகா. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மலையாள வழக்கப்படி லேகா எம். ஆதார் எடுத்த இடத்தில் யாரோ அம்மாவின் எழுத்தையும் சேர்த்து லேகா கே. எம். என்று அடித்துவிட்டார்கள். எல்லையோரத்தில் இது அதிசயமில்லை. ஸ்ரீகுமாரியின் கடைக் கண்ணாடிமேல் தினமும் இப்படிப் பத்துப் பெயர் வந்து படுக்கும். ஒரு வீட்டு ரேஷன் கார்டில் முன்னால் நிற்கும் எழுத்து அதே வீட்டு வரிச்சீட்டில் பின்னால் நிற்கும்.

இதற்கு வில்லேஜ் ஆபீசில் ஒரு மருந்து உண்டு. அதற்குப் பெயர் ஒன் அண்ட் சேம் சர்ட்டிபிக்கட். இன்ன இன்ன பெயரில் குறிக்கப்படுபவர் ஒரே ஆள்தான் என்று அதிகாரி எழுதிக் கையெழுத்திட்டுத் தருவது. அக்காளும் தங்கையும் காலையிலேயே போய் வரிசையில் நின்றார்கள்.

அதிகாரி மூன்று தாள்களையும் மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு மேலாக லேகாவைப் பார்த்தார்.

"இதில எம். லேகா. இதில லேகா எம். இதில லேகா கே. எம். இதில நீ ஆரு?"

"மூணும் நானாக்கும் சார்."

"அதுக்கு என்ன தெளிவு?" என்று ஆதாரம் கேட்டார்.

"நான்தான் உங்க முன்னால நிக்கேனே சார்."

பக்கத்து மேசை குமாஸ்தா சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் லேகா அந்தத் தாளை இரண்டு முறை வாசித்தாள்.

"அக்கா, நான் ஒரு ஆளுதான்ணு கவர்மெண்ட் ஒத்துக்கிட்டு இல்லியா?"

"ஒத்துக்கிடாட்டி மூணு பேருக்குல்லா சோறு வெளம்பணும். வா, பஸ் போவும்."

பதினாறு வயதில் அவள் வாங்கிய அந்தத் தாள் பிறகு ஒருநாள் அவள் எழுதும் ஒரு புரோகிராமுக்குள் போய் உட்காரும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

டிப்ளமா முடிந்தபின் லேகா நான்கு வருஷம் அக்காவின் கடையில்தான் இருந்தாள். விண்ணப்பம் அடித்துக் கொடுப்பாள். ஆள் இல்லாத நேரத்தில் அதே பழைய கம்ப்யூட்டரில் பைத்தான் என்ற கணினி மொழியைத் தானே படித்தாள். வாத்தியார் கிடையாது, செல்போனில் பாடம், வலது காதில் மட்டும் ஒரு இயர்போன். நடுவில் ஏழு நேர்முகத் தேர்வு. ஏழாவதில், பேக்கரி மாடி அலுவலகத்தின் முதலாளி ஈஸ்வர் அவளை எடுத்தான்.

ஈஸ்வர் பழைய குமாஸ்தாக் குடும்பம். அப்பா காந்திமதிநாதன் கோர்ட்டில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகத்தில் மொத்தமே ஐந்து பேர். எழுதுகிற எந்தக் கோப்பிலும் எழுதியவர் பெயர் இருக்கக்கூடாது, கம்பெனி பெயர் மட்டும்தான் என்பது ஈஸ்வர் வைத்த சட்டம். எல்லாரும் ஒரே பொதுக் கணக்கில் நுழைந்துதான் வேலையை ஏற்றுவார்கள். யார் எதை எழுதினார் என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. "பேரு போட்டா பிறகு பேருக்காகத்தான் வேலை நடக்கும்" என்பான். அவன் சொன்னதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது.

பரிசோதனைக் கூடத்தின் வேலை அங்கே வந்தது 2023-இல். புகார் விசித்திரமாக இருந்தது. கவுண்டரில் ஒரு நோயாளியின் போன் நம்பரைத் திருத்துவார்கள். அரை மணி கழித்துப் பார்த்தால் பழைய நம்பரே திரும்ப வந்திருக்கும். ஒரே ஆளுக்கு மூன்று பக்கம் இருக்கும். திறக்க நேரமும் ஆகும். லேகா அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையில் பேப்பர் கட்டு உடைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் விளக்கினாள்.

"அக்கா, நீ ஒரு ஆதாருக்கு அஞ்சு காப்பி எடுக்கே. பெறகு அந்த ஆளு ஒரு காப்பியில பேனா வச்சு நம்பரைத் திருத்துதாரு. மத்த நாலும் மாறுமா?"

"அது எப்பிடி மாறும்?"

"அதாக்கும் அங்க நடக்குது. கவுண்டர் கேட்டா புரோகிராம் அந்த ஆளுக்கு ஒரு காப்பி உண்டாக்கும். டாக்டருக்க கம்ப்யூட்டர் கேட்டா இன்னொண்ணு. பிரிண்ட் எடுக்க வேற ஒண்ணு. ஒருத்தர் புதுசு எழுதுவாரு, மத்தவரு பழசை அதுக்கு மேல எழுதுவாரு. கடைசியில எழுதினவருக்க பேச்சுதான் நிக்கும்."

"பின்ன என்ன செய்யணும்?"

"காப்பியே எடுக்கப்பிடாது. ஒரு ஆளுக்கு ஒரு ஆப்ஜெக்ட், கம்ப்யூட்டருக்குள்ள அந்த ஆளுக்க ஒரே உருவம். ஒருக்கா உண்டாக்கினதைப் பக்கத்தில வச்சுக்கிட்டு, ஆரு வந்து கேட்டாலும் அதையேதான் கையில குடுக்கணும். அப்போ ஒருத்தர் திருத்தினா எல்லாரும் கண்டுடுவாங்க. ஒவ்வொரு தடவையும் புதுசா உண்டாக்காண்டாம், அதனால வேகமும் கூடும்."

பிறகு அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்: "பைத்தானில ரெண்டு கேள்வி உண்டு அக்கா. ரெண்டும் ஒண்ணுபோல இருக்கான்ணு கேட்கலாம். ரெண்டும் ஒண்ணுதானான்ணும் கேட்கலாம். ரெண்டாவது கேள்வியாக்கும் அந்த வில்லேஜ் ஆபீசர் கேட்டது."

ஸ்ரீகுமாரிக்கு இது பளிச்சென்று விளங்கியது. நகலும் அசலும் வேறு என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எழுதி முடிக்க லேகாவுக்கு ஏழு வாரம் ஆனது. ஒரு கட்டத்தில் மூன்று நாள் முழுதாக மாட்டிக்கொண்டாள். ஏற்கெனவே இருக்கும் ஆளைத்தான் புரோகிராம் எடுத்துக் கொடுத்தது. ஆனால் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஆளைப் புதிதாகப் பிறந்தவராக நினைத்துப் பழைய விவரத்தையெல்லாம் துடைத்துவிட்டது. பைத்தான் ஒன்றை உருவாக்குவதும் அதை நிரப்புவதும் தனித்தனிக் காரியங்கள் என்பதையும், உருவாக்காமல் பழையதைக் கொடுத்தாலும் நிரப்புகிற காரியம் தானாக மறுபடி நடக்கும் என்பதையும் அவள் கண்டுபிடித்தது நான்காம் நாள் பஸ்ஸில், உதியன்குளங்கரை தாண்டும்போது. "பழைய ஆளை விளிச்சா மறுபடியும் பேரு விடுதுக்கா இந்தச் சனியன்" என்று அவள் போனில் கத்தியதைக் கேட்டு முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தாராம்.

இன்னொன்று, நினைவில் வைப்பது பற்றி. ஜெராக்ஸ் கண்ணாடியில் அசலை வைத்துவிட்டு நகலை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. ஸ்ரீகுமாரி அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் பாதுகாக்கிறாள். எட்டு வருஷமாக ஆள் வராத ஒரு எஸ்எஸ்எல்சி புத்தகம்கூட அதில் உண்டு.

"எனக்க புரோகிராம் அப்பிடி வைக்காது" என்றாள் லேகா. "ஆளுக்க பக்கத்தைத் திறந்து வச்சிருக்கவங்க எல்லாரும் மூடினதும் அதுவும் பிடியை விட்டுடும். இல்லெங்கில் டப்பா நெறஞ்சு கம்ப்யூட்டர் மூச்சு முட்டும். ஒறிஜினல் எல்லாம் உள்ள பத்திரமா உண்டு, பெறகு வேணுமெங்கில் எடுத்துக்கிடலாம். நீ அந்த டப்பாவைக் கொண்டு கொட்டப்பிடாதா?"

"ஆளு வந்தா?"

"வருவாங்க, வருவாங்க. பேரப்பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் சேர்க்க வருவாங்க."

டப்பா இன்றும் இருக்கிறது.

புரோகிராமைக் கூடத்துக்காரர்களுக்குக் காட்டிப் பேசியது லேகா இல்லை, அலுவலகத்தில் உடன் வேலை செய்த பிபின். மலையாளமும் ஆங்கிலமும் தடையில்லாமல் பேசுகிற, நன்றாகச் சிரிக்கிற பையன். அதனால் அது "பிபினின் புரோகிராம்" ஆகிவிட்டது. பிபினும் மறுக்கவில்லை, ஆமோதிக்கவும் இல்லை, அப்படியே விட்டுவிட்டான். ஜனவரியில் கொச்சியில் வேலை கிடைத்துப் போகும்போதும் ஈஸ்வர் அவனுடைய கையைக் குலுக்கி அந்தப் புரோகிராமைப் பற்றித்தான் பேசினான். ஸ்ரீகுமாரி நான்கு மாதம் பொருமினாள்.

"எட்டி, நீ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"புரோகிராம் ஓடுதுல்லா? பெறகு என்னக்கா."

இனி, புரோகிராமின் ஒரு மூலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வந்து நிற்பவர் ஏற்கெனவே இருக்கும் ஆள்தான் என்று புரோகிராம் எப்படி அறியும்? ஐந்து கிளையும் தனித்தனியே ஒன்று முதல் எண் கொடுத்திருந்ததால், பழைய எண் உதவாது. வீட்டுக்கு ஒரு போன் என்பதால் போன் நம்பர் உதவாது. வயதை ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாற்றிச் சொல்வார்கள். அதனால் லேகா பெயரையும், பெயரோடு உள்ள எழுத்தையும், தபால் நிலையத்தையும் சேர்த்து ஓர் அடையாளம் செய்தாள். எழுத்து முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் ஒன்றுதான் என்று வைத்தாள். எம். லேகாவாகவும் லேகா எம். ஆகவும் வாழ்ந்தவள் வேறு எப்படி வைப்பாள்? முன்னெழுத்து மட்டுமே தெரிந்த மதுரைக்காரனோ பின்னெழுத்து மட்டுமே தெரிந்த கோட்டயத்துக்காரனோ இரண்டையும் ஒன்றென்று துணிந்து எழுதியிருக்க மாட்டான்.

2024 பிப்ரவரி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தேகால் மணிக்குப் புஷ்பபாய் ஸ்ரீகுமாரியின் கடைக்கு வந்தார். இதயத்தில் வால்வு மாற்றிய அம்மா. ரத்தம் உறையாமலிருக்க தினமும் இரவு மாத்திரை போடுபவர். அளவு சரியா என்று மாதம் ஒருமுறை ரத்தம் பார்த்தே ஆக வேண்டும். கையில் முந்தின நாள் எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட்.

"மக்களே, இதில ரெண்டு காப்பி எடு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு மருமவளுக்கு."

"மருமவளுக்கு என்னத்துக்கு மாமி?"

"எனக்கு நாப்பத்தொண்ணு வயசுண்ணு கம்ப்யூட்டரே எழுதித் தந்திருக்குல்லா! அவளுக்கு முப்பத்தொம்பது. இனி அவ என்னை மாமிண்ணு விளிக்கப்பிடாது. சேச்சிண்ணு, அக்காண்ணு விளிக்கட்டு."

ஸ்ரீகுமாரி சிரித்துக்கொண்டே தாளைக் கண்ணாடியில் வைத்தாள். மூடப்போகும் கை நின்றது. புஷ்பபாய் எஸ். என்று இருந்தது.

"மாமி, உங்க டாக்டர் சீட்டு இருக்கா?"

இருந்தது. எஸ். புஷ்பபாய், வயது அறுபத்தொன்று.

"எஸ் உங்களுக்கு ஆரு மாமி?"

"எனக்க வீட்டுக்காரரு சுந்தரதாஸ். ஏன் மக்களே?"

"டாக்டர் இதைக் கண்டாரா?"

"போட்டோ எடுத்து அனுப்பிக் குடுத்தேன். ரத்தம் கட்டியாவுது, இண்ணைக்கு ராத்திரி முதல் குளிகை ஒண்ணரையாக்கணும்ணு காலையிலே சொன்னாரு."

ஜெராக்ஸ் இயந்திரத்தின் வெளிச்சம் ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் வந்தது. அந்த நேரத்துக்குள் ஸ்ரீகுமாரிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இது வேறொரு புஷ்பபாயின் ரத்தம். கூடம் எதுவென்று தாளின் தலைப்பிலேயே இருந்தது. இரண்டு பேரை ஒன்றாக்கியது எந்தப் புரோகிராம் என்றும் அவளுக்குத் தெரியும். ரத்தம் சரியாக இருக்கும் ஒருத்தி, உறையாமைக்கான மாத்திரையை மேலும் கூட்டினால் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து நிற்காமல் போகலாம் என்பதை அவள் மருந்துக் கடைக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை.

அவள் போனை எடுத்தாள்.

"ஒரு மினிட், வலத்தே காதுக்கு மாத்துதேன்" என்றாள் லேகா. கேட்டாள். இரண்டு நிமிஷம் விசைப்பலகைச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அவள் குரல் தணிந்திருந்தது.

"அக்கா, சரியாக்கும். ரெண்டும் ஒண்ணாயிருக்கு. ஒரே நாள், பாறசாலைக் கிளையில இந்த மாமி, இஞ்ச உள்ள கிளையில வேற ஒரு புஷ்பபாய், ரெண்டு பேருக்கும் போஸ்ட் ஆபீசும் ஒண்ணு. ரெண்டாமது எழுதினது முதல் ஆளுக்க மேல போய் விழுந்திருக்கு. மாமிட்ட குளிகை ஒண்ணும் கூட்டாண்டாம்ணு சொல்லு. டாக்டருக்கு இப்பமே போன் போடச் சொல்லு. நீ கடையை அடைச்சிட்டு அவங்களை இஞ்ச கூட்டிட்டு வா. மறுபடி ரத்தம் பார்க்க நான் லேபில சொல்லி வைக்கேன்."

பஸ்ஸில் புஷ்பபாய் சன்னலோரம் உட்கார்ந்தார். டாக்டர் போனை எடுத்து, மறு ரிப்போர்ட் வரும்வரை மாத்திரை பழைய அளவிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டதால் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது.

"அப்போ நாப்பத்தொண்ணு போச்சு, இல்லியா மக்களே?"

"போச்சு மாமி."

"செரி. எனக்க வயசு எனக்கே இருக்கட்டு."

கூடத்தில் அவருக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவுக்கு ஒரு மணி நேரம் என்றார்கள். அவரை அங்கே இருத்திவிட்டு, ஸ்ரீகுமாரி அந்த இரண்டு தாளின் நகலோடு பேக்கரிப் படி ஏறினாள். கீழே பப்ஸ் வேகும் மணம். மேலே ஈஸ்வர் லேகாவின் மேசைப் பக்கம் நின்றிருந்தான். நெற்றியில் வியர்வை.

"இது பிபினுக்க வேலை இல்லியா? அவனுக்குப் போன் போடுங்க" என்றான். "நான் லேபுக்கு நெட்வொர்க் பிரச்சினைன்னு சொல்லிக்கிடுதேன். அவங்க கான்ட்ராக்டை நிறுத்தினா, ஆளைக் குறைக்காம எனக்கு வழியில்லே. தெரியும் இல்லியா?"

கதவருகே நின்ற ஸ்ரீகுமாரியின் உள்ளம் அந்த நொடியில் ஒரு காரியம் செய்தது. பிபினுடையதாகவே இருக்கட்டும் என்று அது வேண்டியது. நான்கு மாதமாக எந்தப் பேச்சைக் கேட்டால் அவளுக்கு எரிந்ததோ, அதே பேச்சு இப்போது தங்கைக்குக் குடையாக வந்து நின்றது. எந்தக் கோப்பிலும் பெயர் இல்லை. கேட்பதற்கு ஒருவரும் இல்லை. லேகா பேசாமல் இருந்தால் போதும்.

லேகா நாற்காலியைத் திருப்பி, வலது காது அவன் பக்கம் வரும்படி உட்கார்ந்தாள்.

"பிபின் எழுதல்லே சார். நானாக்கும் எழுதினது. முதல் வரி முதல் நான்தான்."

"நீயா?"

"ஆமா சார். நெட்வொர்க்கும் இல்லே. எழுத்து முன்னால நின்னாலும் பின்னால நின்னாலும் ஒரே ஆளுண்ணு நான் எழுதி வச்சேன். எனக்கு அப்பிடி இருந்தது. எல்லாருக்கும் அப்பிடியாக்கும்ணு நெனச்சேன்."

ஈஸ்வர் நாற்காலி ஒன்றை இழுத்து உட்கார்ந்தான்.

"லேப்காரங்க உன்னை மாத்தணும்ணு சொன்னா?"

"சொல்லட்டு சார். அதுக்கு முன்னால, வேற எத்தனை பேரு இப்பிடிச் சேர்ந்து போயிருக்காங்கண்ணு பார்க்கணும். அந்த மாமி வயசைக் கண்டு சிரிச்சதனால நாம அறிஞ்சோம். சிரிக்காத ஆளுகளும் உண்டுல்லா."

அவள் ஏற்கெனவே பட்டியல் எடுத்திருந்தாள். எழுத்து இடம் மாறியதால் ஒன்றாக்கப்பட்டவை முப்பத்தேழு ஜோடி. அச்சிட்ட தாளை ஈஸ்வர் வாங்கினான், பாதியைக் கிழித்து அவளிடம் கொடுத்தான், மறுபாதியோடு தன் போனை எடுத்தான். அது ஈஸ்வரைப் பற்றி ஸ்ரீகுமாரியின் மனதிலிருந்த பலதையும் மாற்றியது. அவளையும் சும்மா இருத்தவில்லை, "அக்கா, இந்த எட்டு நம்பரும் நீங்க விளிங்க. பேரு, வீட்டுப்பேரு, எழுத்துக்கு என்ன அர்த்தம், மூணும் கேட்டா போதும்" என்று ஒரு போனைக் கொடுத்தான்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கூடத்திலிருந்து விளித்தார்கள். புஷ்பபாயின் முடிவு இரண்டு புள்ளி ஏழு. அவருக்கு இருக்க வேண்டிய அளவு. காலையில் அவர் கொண்டுவந்த தாளில் இருந்தது வெறும் ஒன்று, அந்த மாத்திரையே போடாதவரின் அளவு. ஒரு மாத்திரையே தொடரட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். லேகா போனை வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தாள். அவ்வளவுதான், அடுத்த நம்பரை அழுத்தினாள்.

மூன்று மணிக்குள் முப்பத்தைந்து முடிந்தன. இன்னொன்று நான்கு மணிக்கு. கடைசியாக, போனெடுக்காத மற்றப் புஷ்பபாயை அக்காளும் தங்கையும் ஆட்டோ பிடித்து வீட்டிலேயே போய்ப் பார்த்தார்கள். நாற்பத்தொரு வயது. எஸ் என்பது அவருக்குக் கணவர் பெயரோ தகப்பன் பெயரோ இல்லை. சாந்திநிவாஸ் என்ற வீட்டுப்பெயர். பிழை இருந்தவர்கள் மொத்தம் மூன்று ஜோடி, ஆறு பேர். மற்ற முப்பத்து நான்கு ஜோடியும் உண்மையிலேயே லேகாவைப்போல இரண்டு பெயரில் அலைந்த ஒற்றை ஆட்கள். பிழை இருந்த மற்ற இரண்டு ஜோடிக்கும் மருந்து எதுவும் மாறியிருக்கவில்லை.

கூடத்து மேலாளரிடம் ஈஸ்வர் நெட்வொர்க் கதையைச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடியே சொன்னான். லேகாவையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான். மேலாளர் நிறையத் திட்டினார். கடைசியில், கண்டுபிடித்தவளே திருத்தட்டும் என்றார். அந்தக் கூடம் இன்றும் அந்தப் புரோகிராமில்தான் ஓடுகிறது.

திருத்தம் சின்னதுதான். அடையாளம் இனிமேல் பெயர் இல்லை. முதன்முதலாக வரும்போது கொடுக்கும், எந்தக் கிளையிலும் மாறாத ஒரு எண். பெயர் ஒத்துவந்தால் புரோகிராம் தானாகச் சேர்க்காது. "இவரும் அவரும் ஒரே ஆளா?" என்று கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம் கேட்கும். அவள் எதிரே நிற்பவரிடம் கேட்க வேண்டும். அவர் ஆமாம் என்றால்தான் ஒன்றாகும்.

"ஒண்ணுதான்ணு ஆளு வந்து நின்னு சொல்லணும் அக்கா" என்றாள் லேகா. "நானும் அண்ணைக்கு அப்பிடித்தானே நின்னேன். எனக்கு அது மட்டும் மறந்து போச்சு."

ஐந்தரை மணிக்கு எல்லாம் எழுதி முடித்தாள். ஸ்ரீகுமாரி பக்கத்தில், வலப்புறம், ஆறிப்போன பப்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டு அவள் சாப்பிடக் காத்திருந்தாள். கோப்பின் தலையில் கம்பெனி பெயர் மட்டும் இருந்தது. அதற்குக் கீழே லேகா என்ன பிழை நடந்தது, எதனால் நடந்தது, எத்தனை பேருக்கு நடந்தது, எப்படித் திருத்தப்பட்டது என்று நான்கு வரி எழுதினாள். பிறகு கை நின்றது. ஈஸ்வர் வந்து எட்டிப் பார்த்தான்.

"பேரு போடப்போறியா?"

"இது ஆருக்க தப்புண்ணு இனி ஆரும் தேடாண்டாம்லா சார்."

ஈஸ்வர் அந்த நான்கு வரியையும் வாசித்தான். அவன் வைத்த சட்டம் அவனுக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும், ஆனால் சொல்லவில்லை.

"போடு" என்றான். "எம் முன்னால போடுவியா, பின்னால போடுவியா?"

லேகா சிரித்தாள், அன்று காலைக்குப் பிறகு முதல்முறையாக. முன்னாலும் எழுத்தில்லாமல், பின்னாலும் எழுத்தில்லாமல், ஆங்கில வரிகளுக்குக் கீழே தமிழில் இரண்டு எழுத்து அடித்தாள். பள்ளிக்கூடத்துத் தாள்களிலும் விண்ணப்பங்களிலும் எத்தனையோ முறை எழுதிய பெயர்தான். ஆனால் தான் செய்த வேலையின் அடியில், இது என்னுடையது என்று அவள் அதை எழுதியது அதுவே முதல் தடவை. பக்கத்தில் தேதியும் போட்டாள். ஸ்ரீகுமாரி அந்தப் பக்கத்தை அச்சிட்டு வாங்கி வந்து, கோணாமல் ஒரு நகல் எடுத்து, பிஸ்கட் டப்பாவில் இல்லாமல் தனியாக வைத்திருக்கிறாள்.

லேகா, 2024 பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை.